பாசியா மீனா

கொக்கியை ரப்பர் புழுவின் தலைக்குள் நுழைத்து, கழுத்தருகே வெளியே இழுத்து, ஒரு திருப்புத் திருப்பி, மறுபடி உடம்புக்குள் ஏற்றி, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்த முள் நுனியைக் கட்டைவிரலால் தோலுக்குள்ளேயே அமுக்கி மறைக்கிறார் மாப்பிள்ளை. "இப்படி வச்சாத்தானுங்க அத்தை பாசியில சிக்காது. மீன் கடிச்சா மட்டும் முள்ளு வெளிய வரும்." நாலாவது சனிக்கிழமையாக இதைச் சொல்கிறார். நாலாவது முறையாக நானும் "ஓ, அப்படீங்களா" என்கிறேன். இப்படித்தான் எங்களுக்குள் பேச்சு நடக்கும், முள் நுனி எங்கும் தட்டாமல். புழு கத்தரிக்காய் நிறம், உள்ளே பச்சைப் பொடி மினுங்குகிறது, என் சுண்டுவிரலைவிட நீளம். கையில் எடுத்தால் வழவழவென்று, அப்போதுதான் பிறந்த எதையோ தொட்டதுபோல் இருக்கிறது. காலை வெயில் இன்னும் பைன் மரங்களின் இடுப்புக்கு இறங்கவில்லை. ஏரி அசையவில்லை. தகரப் படகின் முன்பலகையில் நான், சேலைக்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டி, கல்லூரி ஆண்டு விழாவில் வேடம் போட்டு உட்கார்ந்தவள் மாதிரி. பின்பலகையில் அவர். நடுவில் ஒரு வாளி, ஒரு தண்ணீர்ப் பாட்டில், தேன்மொழி கட்டிக்கொடுத்த தக்காளிச் சாதம். இரண்டு பேருக்கும் ஒரே டப்பாவில் கட்டியிருக்கிறாள், இரண்டு கரண்டி வைத்து. இன்றைக்குச் சொல்லிவிடுவார். வியாழக்கிழமை எனக்கு விமானம், இனி வேறு சனிக்கிழமை கிடையாது. செவ்வாயன்று சமையலறையில் மாவு கரைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "டைவர்ஸ் பேப்பர்ல கையெழுத்துப் போட்டாச்சும்மா. ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணதுதான். கிரியே உங்கிட்டச் சொல்றேன்னிருக்கார், நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத" என்றாள் என் மகள். பதினோரு வருஷம். நான் காட்டிக்கொள்ளவில்லை. மாவில் உப்பு போதுமா என்று கேட்டேன். அவர் சொல்லாதவரை எனக்கு ஒரு மாப்பிள்ளை உண்டு. அவர் வாய் திறக்கிற கணம் இந்தப் படகில் என்னோடு உட்கார்ந்திருப்பவர் யார்? எதிரே ஒருவர் தூண்டில் பிடித்திருப்பார், நாற்பத்து நாலு வயசு, காதோரம் நரை, எனக்கு ஒன்றும் ஆகாதவர். அதனால் பேச்சை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். "மாப்ளை, இந்தப் பாசி போன வாரத்துக்கு இன்னும் அடர்ந்திருக்குதுங்களே" என்கிறேன். "ஆமாங்க அத்தை" என்கிறார். நல்லது. பாசி போதும் எனக்கு, ஒரு மணி நேரம் ஓட்டிவிடுவேன்.

கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவளுக்குப் பாசி ஒரு ஊரே. இது வேலம்பாசி. ஒரு கணுவுக்கு ஐந்து இலை சுற்றி நிற்கும், விளிம்பில் வாள் பல், விரலை ஓட்டினால் சொரசொரக்கும். நம் பக்கத்தில் குளத்துக்குக் குளம் கிடக்கிற பாசி. யாரோ மீன்தொட்டிக்கு அழகு என்று இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து, தொட்டி கழுவின தண்ணீரோடு அது தப்பித்து, இப்போது ஏரி முழுக்க ஆக்கிரமித்துக் கிடக்கிறது. ஒடித்துப் போட்டால் ஒடித்த துண்டெல்லாம் முளைக்கும். போன சனிக்கிழமை இதைச் சொன்னபோது மாப்பிள்ளை, "அதுக்கு விசா வாங்க வேண்டியதில்லீங்களே" என்றார், அவர் இப்படி எப்போதாவதுதான் சொல்வார், நான் அன்று முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தேன். வீசுகிறேன். புழு பச்சைப் பரப்பின் ஓரத்தில், திறந்த தண்ணீர் தொடங்குகிற இடத்தில் டப் என்று விழுந்து தானாக இறங்குகிறது. நூல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது, நின்றுவிட்டது, தரையைத் தொட்டிருக்கும். இனித் தடியின் நுனியை மெதுவாகத் தூக்க வேண்டும், இறக்க வேண்டும், தொய்வைச் சுற்றிக்கொள்ள வேண்டும். பாசி இழுப்பது ஒரு மாதிரி, முந்தானையைக் குழந்தை பிடித்து இழுப்பதுபோல, விடாமல், மெத்தென்று. மீன் என்றால் டொக் டொக், கதவைத் தட்டுகிற விரல். இவ்வளவுதான் பாடம். எழுபத்தோரு வயசில் இந்தப் பாடத்தில் நான் தேறவே இல்லை, பாசியை மீன் என்கிறேன், மீனைப் பாசி என்கிறேன், மாப்பிள்ளை பொறுமையாக நூலிலிருந்து இலை இலையாகப் பிரித்தெடுக்கிறார். விரலில் சோம்பு வாசம் ஒட்டியிருக்கிறது. இந்தப் புழுக்களை இப்படி வாசம் போட்டுத்தான் செய்கிறார்களாம், மீனுக்குப் பிடிக்கும் என்று. எனக்கு இந்த வாசம் ஏரிக்கு வருமுன்பே தெரியும். வந்திறங்கிய முதல் ராத்திரி விருந்தாளி அறையின் அலமாரியைத் திறந்ததும் குப்பென்று வந்தது சோம்பு. இது யார் சமையல் சாமானை இங்கே வைத்தது என்று துழாவினால் ரப்பர் புழுப் பொட்டலங்கள், அதன் பின்னால் அவருடைய இரண்டு சட்டை, கட்டிலடியில் அவருடைய செருப்பு, தலைமாட்டில் பிடுங்க மறந்த செல்போன் ஒயர். விருந்தாளி அறை இல்லை அது. அவர் அறை. என்னைப் படுக்க வைப்பதற்காக, மாசக்கணக்காகப் படுத்துவந்த அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு, பேசுவதற்கு ஒன்றுமில்லாத மனைவியின் அறைக்குப் போய்த் தரையில் விரித்துப் படுத்திருக்கிறார் மனிதர். பதினோரு வாரம். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை, மூக்குக்குத் தெரிந்தது புத்திக்கு வர செவ்வாய்க்கிழமை ஆயிற்று.

பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை ஒருநாளும். வெள்ளியங்கிரி. மலையின் பெயர், சொல்லிப் பார்த்தால் வாயில் குளிர் காற்று அடிக்கிற பெயர், ஆபீஸில் 'கேரி' என்கிறார்களாம். மாமியார் மாப்பிள்ளையைப் பேர் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. எதிரில் நாற்காலியில் உட்காருவதும் முன்னெல்லாம் இல்லை, இப்போது ஒரே படகில் முட்டி முட்டியைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறேன், என் மாமியார் பார்த்தால் ஏரியில் குதித்திருப்பாள். என் போனில்கூட அவர் எண்ணுக்கு 'மாப்பிள்ளை' என்றுதான் பேர். அதை என்ன செய்வது. அழிப்பதா, மாற்றுவதா, மாற்றினால் எந்த எழுத்தில் தேடுவேன். போன புதன்கிழமையிலிருந்து இந்த அற்ப விஷயம்தான் என்னை அரிக்கிறது, மகளின் வாழ்க்கை அல்ல. அவளுக்கு வேலை இருக்கிறது, தைரியம் இருக்கிறது, அவள் எங்கே போனாலும் என் மகள்தான், எந்தக் காகிதமும் அதை எழுதவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். இவர்தான் காகிதத்தில் வந்தவர். காகிதத்தோடு போய்விடுவார். பெண் பார்க்க வந்த அன்று தாய் இடத்தில் சித்தி உட்கார்ந்திருந்தார், அவருடைய பதினோரு வயசிலேயே அம்மா போய்விட்டாள் என்றார்கள். நான் பலகாரத் தட்டை நீட்டினபோது எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார், மற்றவர்கள் சிரித்தார்கள், இன்றைக்கும் நான் எது கொடுத்தாலும் இரண்டு கைதான். ஆறு வருஷம் முன்னே தேன்மொழி அப்பா இறந்தபோது இருபத்தாறு மணி நேரம் பயணம் செய்து வந்தார்கள் இருவரும். மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு இறந்தவருடைய போன் அடித்தது. மாத்திரைக்கு வைத்திருந்த அலாரம். வீடு நிறையச் சொந்தம், ஒருத்தரும் அசையவில்லை, செத்துப்போனவருக்கு மாத்திரை நேரம் என்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறது. என் நாத்தனார், "அதை அமுத்துங்கப்பா யாராச்சும்" என்று அழுதாள். மாப்பிள்ளை எடுத்தார். அமுத்தவில்லை. என்னிடம் கொண்டுவந்து, "அத்தை, இருக்கட்டுங்களா, நிறுத்திறட்டுங்களா?" என்றார். இருக்கட்டும் என்றேன். ஊரில் இருந்த பதினாறு நாளும் அது அடிக்கும், அவர் எடுத்துவந்து என் பக்கத்தில் வைப்பார், முழுசாக அடித்து ஓய்ந்தபின் எடுத்துப் போய் சார்ஜில் போடுவார். என்னிடம் அந்த வருஷம் வேறு யாரும் எதையும் கேட்கவில்லை. செய்தார்கள், எல்லாரும் எல்லாமும் செய்தார்கள், கேட்டவர் இவர் ஒருத்தர்தான்.

நூலில் ஏதோ. மெத்தென்று இழுக்கிறது. இல்லை, நின்றுவிட்டது. மறுபடி. நூல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இடப்பக்கமாக மெல்ல நகர்கிறது, காற்றாக இருக்கும், காற்று இல்லையே, படகு நகர்கிறதோ என்னவோ. "பாசிதானுங்க மாப்ளை" என்கிறேன். அவர் தன் தூண்டிலை மடியில் வைத்துவிட்டு என் நூலைப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார். வாயைத் திறந்து மூடுகிறார். ஐயோ, சொல்லப் போகிறார், இப்போது சொல்லப் போகிறார் என்று நான் அவசர அவசரமாக, "வேலம்பாசி இருக்குதுங்களே, அது பூக்கறது தெரியுங்களா, ஆண் பூ அடியிலிருந்து பிய்ச்சுக்கிட்டு மேல வந்து மிதக்கும், மிதந்து மிதந்து பெண் பூகிட்டப் போகும், போய்ச் சேராததுதான் நெறைய" என்று எதையோ தொடங்கிவிட்டு, எங்கே கொண்டுபோய் விடுகிறேன் இதை என்று எனக்கே உறைத்து நிறுத்துவதற்குள் தடி வளைந்தது. பச்சைப் பரப்பு பிளந்தது. பாசி முக்காடிட்ட ஒரு பெரிய தலை, ஒரு கைப்பிடிச் சோறு போகிற அளவுக்குத் திறந்த வாய், விலாவில் கறுத்த கோடு, முழு மீன் காற்றில் நின்று தலையை இப்படியும் அப்படியும் உதறியது. கத்தரிக்காய்ப் புழு தனியே பறந்து போய் விழுந்தது. மீன் தனியே விழுந்தது. வளையம் வளையமாகத் தண்ணீர் விரிந்து படகை ஆட்டிவிட்டு அடங்கியது. "மீனுங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை. "அது எனக்கும் தெரியுதுங்க. உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?" "மொதல்லயேங்க. நூல் பக்கவாட்டுல போச்சுங்களே. பாசி நடக்காதுங்களே." "அப்புறம் ஏனுங்க சொல்லலை? தூக்குங்கன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா..." அவர் கழுத்தைச் சொறிந்தார். "நீங்க பாசின்னு சொல்லிட்டீங்களேங்க. இல்லைன்னு எப்படிங்க அத்தை சொல்றது?"

சிரிப்பு வந்தது. வந்தால் நிற்கவில்லை, மிதவைச் சட்டை கழுத்தை இடிக்க இடிக்கச் சிரித்தேன், அவரும் சிரித்தார், தலையைக் குனிந்து, தோள் மட்டும் குலுங்க. நாலு கிலோ இருக்குங்க என்றார். இருக்கும், ஐந்துகூட இருக்கும், இந்த ஏரியில் ஒரு ஆயுசு வாழ்ந்து பருத்த மீன், என் கையில் இருந்தது, ஒரு மருமகனின் மரியாதையால் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது சிரிப்பு எந்த இடத்தில் வேறாக மாறியது என்று தெரியவில்லை. பதினோரு வாரமாக இதே மரியாதைதான். நான் அறை நன்றாக இருக்கிறது என்பேன், அவர் தூக்கம் நல்லா வருதுங்களா என்பார், அவர் எங்கே படுக்கிறார் என்று நான் கேட்கமாட்டேன், தரையில் என்று அவர் சொல்லமாட்டார். மகள் ஒரே டப்பாவில் இரண்டு கரண்டி வைப்பாள். நூல் பக்கவாட்டில் போவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு பாசி பாசி என்றிருக்கிறோம். நான் ஊருக்குப் போனபின் இந்த மனுஷன் இதை யாரிடம் சொல்வார்? சொல்ல அம்மா இல்லை. சித்தியிடம் போனிலா சொல்வார். சொல்ல விடாமல் நான்தான் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு ஒரு மாப்பிள்ளை இருக்க வேண்டும் என்பதற்காக, இலை எண்ணிக்கொண்டு. "மாப்ளை," என்றேன், "தேனு செவ்வாக்கெழமையே எங்கிட்டச் சொல்லிட்டா." வாளியின் கைப்பிடியைப் பிடித்திருந்தார். அதை விட்டார். "அப்படீங்களா" என்றார், என் சொல்லை எனக்கே திருப்பிக் கொடுத்தார். தூரத்தில் ஒரு கொக்கு பாசிமேல் நடந்தது, பாசி அதைத் தாங்கியது. "நாலு வாரமா சொல்லணும்னுதானுங்க உங்களைக் கூட்டிக்கிட்டு வர்றேன். படகுல ஏறுனா நீங்க பாசியப் பத்திப் பேச ஆரம்பிச்சுருவீங்க. நானும் கேட்டுக்கிட்டே இருந்துட்டுத் திரும்பிருவேன். இப்ப எனக்கே பாடம் எடுக்கற அளவுக்குத் தெரியுமுங்க." "பரீட்சை வச்சா எழுதிருவீங்க" என்றேன். "உங்க மகமேல தப்பு ஒண்ணும் இல்லீங்க அத்தை." "அவளும் உங்கமேல தப்பில்லைன்னுதான் சொன்னா." "சண்டையே போடலீங்க நாங்க. ஒரு நாள் போட்டிருந்தாத் தேவலைங்க. காப்பி வேணுமான்னு நான் கேப்பேன், வேண்டாம் தேங்க்ஸ்னு அவ சொல்லுவா. ரொம்ப மரியாதையா இருந்தோமுங்க." எனக்கு அவளையும் தெரியும், இவரையும் தெரியும், இருவரும் அடுத்தவரைப் புண்படுத்திவிடக் கூடாது என்று சுவரோரமாக நடக்கிற ஜாதி. "உங்களைத் தரையில படுக்க வச்சுட்டேனுங்களே" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். முதல் முறையாக அவர் முகம் சிவந்து பார்க்கிறேன். "முதுகுக்கு நல்லதுங்க" என்றார், என் நூலில் ஒட்டியிருந்த பாசியைப் பிரித்தெடுக்க ஆரம்பித்தார். கேட்க இருந்தது ஒன்றே ஒன்று. இனி நான் உங்களுக்கு யாருங்க? கேட்டால் பதில் சொல்லும்படி ஆகும். எனக்கு எதிர்த்துச் சொல்லத் தெரியாதவர், நான் விரும்புகிற பதிலைத்தான் சொல்வார், அது பதிலே இல்லை. கேட்காமலே இருந்துவிடலாம். வயசானவள் வியாழக்கிழமை ஏறிப் போகப் போகிறாள், பொங்கலுக்கு ஒரு வாழ்த்து வரும், இரண்டு வருஷம் வரும், அப்புறம் வராது, யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

மோட்டார் சத்தம் கேட்டது. பச்சைப் படகு ஒன்று முனை திரும்பி வந்து, எங்களைப் பார்த்ததும் வேகம் குறைந்தது. காக்கிச் சட்டை, இடுப்பில் துப்பாக்கி, வெயிலில் வெந்த மூக்கு, என் மகள் வயசுகூட இருக்காத ஒரு போலீஸ்காரன். மீன்பிடிப்பவர்களைச் சோதனை செய்கிற அதிகாரி என்றார் மாப்பிள்ளை தணிந்த குரலில், பயப்படாதீங்க. துப்பாக்கியைப் பார்த்தால் எனக்குத் தப்பு செய்த நினைப்பு வந்துவிடும். மிதவைச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டேன். பையன் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னான், ஏதாவது கிடைத்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டான். "பெரியது ஒன்று வந்தது," என்றேன் நானும் ஆங்கிலத்தில், "இவருடைய நல்ல பழக்கத்தால் போய்விட்டது." அவனுக்குப் புரியவில்லை, சிரித்து வைத்தான். இரண்டு பேரும் அனுமதிச் சீட்டைக் காட்ட வேண்டும் என்றான். தூண்டில் பிடிக்க இங்கே அனுமதி வாங்க வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் கரையில் நின்று எனக்கு ஒரு நாள் அனுமதியைப் போனில் எடுப்பார் மாப்பிள்ளை, சினிமா டிக்கெட் மாதிரி, அன்று ராத்திரியோடு அது செத்துப்போகும். இன்றைக்குக் கரையில் அவர் போனை எடுத்ததாக எனக்கு நினைவில்லை. மறந்திருப்பார், இந்தக் கவலையில் மறந்திருப்பார், இப்போது இந்தப் பையன் அவரைத் திட்டப் போகிறான், என் பொருட்டு. போனை எட்டி நீட்டினார் மாப்பிள்ளை. பையன் முதலில் அவருடையதைப் பார்த்தான், விரலால் தள்ளினான், அடுத்ததை உதட்டசைத்துப் படித்தான். "கமலா... வேணி?" நான் கையைத் தூக்கினேன், வருகைப் பதிவில் மாணவி தூக்குவதுபோல. "எல்லாம் சரியா இருக்கு மேடம்" என்றான். "அடுத்த வருஷம் ஆகஸ்ட் வரைக்கும் இருக்கு. நிறைய வாங்க." தொப்பியை மறுபடி தொட்டுவிட்டு, அலை எங்களை ஆட்டாதபடி மெதுவாக விலகிப் போய், தூரம் போனபின்தான் மோட்டாரை முறுக்கினான்.

போன் மாப்பிள்ளையின் கையில் இருந்தது. நான் கையை நீட்டினேன், கொடுத்தார், இரண்டு கையாலும். எட்டிப் பிடித்துத் தள்ளிப் பிடித்துக் கண்ணாடிக்குள் எழுத்தைக் கொண்டுவந்தேன். என் பெயர். என் பிறந்த தேதி. வாங்கிய நாள் நேற்று. செவ்வாய் போய், புதன் போய், கையெழுத்தெல்லாம் போட்டு முடித்து, நேற்று.

"ஒரு நாளைக்குப் போதுமேங்க மாப்ளை. நான் வியாழக்கெழமை போறேனே."

"தெரியுமுங்க அத்தை."

புதுப் புழு ஒன்றை எடுத்து என் கொக்கியில் ஏற்ற ஆரம்பித்திருந்தார். கண்ணைத் தூக்கவில்லை.

"வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல தரமாட்டேங்கறாங்க," என்றார். "கேட்டுப் பார்த்தேனுங்க."